பூத்துப்போன ட்ரெய்லர் பெயிண்டுக்கு மூன்று வேலை செய்யும் ஒரே கிரீம்: எதுவரை நம்பலாம்?

வெளுப்பு நீக்கம், பாலிஷ், வேக்ஸ் ஆகிய மூன்றையும் ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று விற்கப்படும் கிரீம்களுள் ஒன்றை, வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும், அலுமினியத் தகடு போர்த்திய பழைய ட்ரெய்லர் ஒன்றின் பெயிண்ட் மீது முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். வெளுப்பு தொடக்க நிலையில் இருக்கும் பரப்புக்கு இந்தக் கிரீம் கொடுத்த விலைக்குத் தகும். நெடுங்காலம் வெயிலில் நின்று மங்கிய பரப்பில் இதை மட்டுமே நம்பி இறங்கினால் கைதான் வலிக்கும்.

இங்கே ஆக்சைடாகி வெளுத்திருப்பது அலுமினியம் அன்று, அதன் மேலுள்ள பெயிண்ட் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெயிண்டில் நிறத்தைத் தருவது நிறமித் துகள். அத்துகள்களைப் பிணைத்து வைத்திருப்பது ரெசின். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பிலுள்ள ரெசினை நாளடைவில் சிதைத்துவிடுவதால், பிடிப்பை இழந்த நிறமி பொடியாகி மேலே தங்கிவிடுகிறது. விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும் மாவு அதுதான். ஆகவே, வெற்று அலுமினியத்தைப் பளபளப்பாக்குவதற்கென்று விற்கப்படும் அமிலக் கரைசல்களை இந்த வேலைக்கு வாங்குவது வீண். கடும் காரமுள்ள கிளீனர்களையும் தவிர்க்க வேண்டும். பெயிண்ட் உரிந்த இடங்களில் அவை அலுமினியத்தையே அரிக்கக்கூடியவை.

மென்மையான ஷாம்பூவால் கழுவி, உலரவிட்டு, நிழலில், தகடு தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்கினேன். ஃபோம் பேட் பொருத்திய, சுழன்றபடியே ஊசலாடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரில், ஒரு முறைக்கு இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டேன். வெயில் குறைவாகப்பட்ட பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் உடனே தெளிந்தது. விளக்கொளியில் எதிரிலிருப்பவரின் உருவம் தெரியுமளவுக்குப் பளபளப்பு திரும்பியது. கூரையை ஒட்டிய மேல் வரிசைத் தகடுகளிலோ கதை வேறு. அங்கே முதலில் பளபளத்தது கிரீமிலுள்ள எண்ணெயும் வேக்ஸும் தந்த ஈரத் தோற்றம் மட்டுமே என்பது, ஷாம்பூ கொண்டு மறுபடி கழுவியபோது தெரிந்துவிட்டது. கிரீமில் தேய்ப்பதற்காகக் கலந்துள்ள உராய்வுத் துகள் அந்த வெளுப்பை முழுவதுமாக எடுக்கும் அளவுக்கு வலுவானதாக இல்லை. அத்துடன், அடியில் மிஞ்சிய பொடியின் மேலேயே வேக்ஸும் படிந்துவிடுவதால், இரண்டாம் முறை தேய்க்கும்போது பாலிஷர் பெயிண்டை விட்டுவிட்டு முந்தைய வேக்ஸோடுதான் முதலில் மல்லுக்கட்டுகிறது. மூன்று வேலைகளை ஒன்றாகச் சேர்த்ததன் அடிப்படைக் குறை இதுவே. அந்த வரிசைக்கு வேக்ஸ் கலவாத ரப்பிங் காம்பவுண்டும் (இன்னும் வலுவாகத் தேய்த்தெடுக்கும் பசை), அதைத் தொடர்ந்து நைஸான பாலிஷும் தனித்தனியாகத் தேவைப்பட்டன.

தேய்க்கும்போது பேடின் நிறத்தைக் கவனிப்பது, பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் எந்த வழிமுறையையும்விடப் பயனுள்ளது. கிளியர் கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சு இல்லாத பெயிண்டாக இருந்தால் பேடில் பெயிண்டின் நிறமே ஏறும். இது இயல்பானது, அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளை பெயிண்டைத் தேய்க்கும் பேட் திடீரெனச் சாம்பலும் கறுப்புமாக மாறினால், பெயிண்டைக் கடந்து அலுமினியத்தைத் தொட்டாயிற்று என்று பொருள். ஏனெனில் உராயும் அலுமினியம் கறுப்பு மையைத்தான் கக்கும். இந்த ஆபத்து ரிவெட் தலைகளிலும், தகடு மடங்கும் விளிம்புகளிலும், நெளிவுகளின் முகட்டிலும் மிகுதி. பெயிண்ட் மெல்லியதாக இருப்பதும் பேடின் அழுத்தம் குவிவதும் அங்கேதான். அவ்விடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, பிறகு கையாலேயே இலேசாகத் தேய்த்துக்கொள்வது உத்தமம். கிளியர் கோட் உள்ள பெயிண்டில் அந்த மேற்பூச்சே செதில் செதிலாக உரியத் தொடங்கியிருந்தால், எந்தக் கிரீமும் உதவாது; மறு பெயிண்ட் ஒன்றே வழி.

வேக்ஸ் பகுதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லேபிளில் கார்னௌபா என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பிரேசிலில் வளரும் ஒரு பனைவகையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் அந்த மெழுகு கடினமானது, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் இந்தக் கிரீமில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை லேபிள் சொல்லவில்லை. தனியாக ஒரு கோட் வேக்ஸோ செயற்கை சீலண்டோ (வேக்ஸுக்குப் பதிலான காப்புப் பூச்சு) மேலே பூசிய தகடுகளில் மழைநீர் இன்னும் முத்து முத்தாக உருண்டோடுகிறது; கிரீம் மட்டும் பூசிய தகடுகளில் அது பரவி நிற்கிறது. பளபளப்புக்காகத் தரைக்குப் பூசும் அக்ரிலிக் மெருகை ட்ரெய்லரில் தடவச் சொல்லும் ஆலோசனையும் உலவுகிறது. முதல் நாளில் அது எல்லாவற்றையும் மிஞ்சும். பின்னர் மஞ்சளித்து உரியும்போது, அதைச் சுரண்டி எடுப்பது வெளுப்பை எடுப்பதைவிடக் கடினம்.

எரிச்சலூட்டிய ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஜன்னல்களின் கறுப்பு ரப்பரில் இந்தக் கிரீம் பட்டுக் காய்ந்தால், வெள்ளைத் திட்டாகப் பிடித்துக்கொண்டு கழுவினாலும் போக மறுக்கிறது. ரப்பர் ஓரங்களுக்கும் ஸ்டிக்கர்களுக்கும் முன்கூட்டியே டேப் ஒட்டாமல் பாட்டிலைத் திறக்க வேண்டாம். திறக்கும் முன் நன்றாகக் குலுக்கவும் வேண்டும், இல்லையேல் உராய்வுத் துகள் அடியில் தங்கி, மேலே வெறும் எண்ணெய்தான் வரும்.