ஒரே நிறுவனம், இரண்டு மருந்துகள்
அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தின் இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஐவர்மெக்டின்: ஆப்பிரிக்காவின் ஆற்றோரக் கிராமங்களில் பார்வையைப் பறிக்கும் நோய்க்கான மருந்து. தேவைப்படும்வரை இலவசம் என்று 1987-இல் அறிவித்தார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த நோயாளிகளிடம் காசே இல்லை. கைவிட வேண்டிய விற்பனையும் பெரிதாக இல்லை.

வயாக்ஸ்: மூட்டுவலி மாத்திரை. 2003-இல் சுமார் 250 கோடி டாலர் விற்பனை. நாப்ராக்சன் என்ற வேறொரு வலி மாத்திரையைச் சாப்பிட்டவர்களைவிட வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 2000-இலேயே ஓர் ஆய்வில் தெரிந்தது. சரி, நிறுத்தினார்களா? இல்லை. நாப்ராக்சன் இதயத்தைக் காப்பதால்தான் இந்த வித்தியாசம் என்றார்கள். அப்புறம் 2004 செப்டம்பரில்தான் திரும்பப் பெற்றார்கள். அந்த விளக்கத்தைச் சொன்னவர்களில் பலர் அதை உண்மையாகவே நம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொய்யைவிட அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம் தருகிறது.