1,850 டாலர் போச்சு! பழைய காருக்கு 'ஃபேக்டரி ரெக்கார்டு' எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஏமாறாதீர்கள்

1,850 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல். அதற்குக் கைக்கு வந்தது தோல் அட்டை போட்ட ஒரு ஃபைல், என் பழைய வண்டியை ஆலையில் எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவாம். உள்ளே இருப்பதில் பாதி இணையத்தில் சும்மா கிடைப்பது, மீதி பச்சைப் பொய். நேற்று ராத்திரி அந்த ஃபைலை விற்ற நிறுவனத்திடமிருந்து 'உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்று மெயில் வந்தது. அதைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன். டெட்ராய்ட் பக்கம், டொராண்டோ பக்கம் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்த நம்மாட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 1970 செவர்லே ஷெவெல். ஒஹையோவில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அவருடைய அண்ணன் ஓட்டிய வண்டி, பல வருஷமாகக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. "அண்ணன் வாங்கும்போதே 454 தான், அதுவும் 450 குதிரை" என்று பெரியவர் சொன்னார். பொய் சொல்கிற மனுஷன் இல்லை. விலையும் சாதாரண ஷெவெல் விலைதான் கேட்டார், அந்த 450-ஐக் காட்டி ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. ஆனால் அண்ணன் சொன்னதைத் தம்பி சொல்கிறார், காகிதம் ஒன்றும் கிடையாது.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1970-ல் ஷெவெலுக்கு 454 கன அங்குல எஞ்சின் இரண்டு விதமாக வந்தது. எல்எஸ்5 என்றால் 360 குதிரைத்திறன், எல்எஸ்6 என்றால் 450. எல்எஸ்6 ஷெவெலில் வந்தது அந்த ஒரு வருஷம்தான், 4,475 எஞ்சின்கள் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. இன்றைக்கு ஏலத்தில் அசல் எல்எஸ்6-க்கும் மற்றதற்கும் விலை வித்தியாசம் ஒரு வீட்டு முன்பணம் அளவுக்குப் போகும். வம்பு எங்கே என்றால், வண்டியின் வின் நம்பரில் (ஆலை ஒவ்வொரு வண்டிக்கும் கொடுக்கும் தனி அடையாள எண்) இது எதுவுமே தெரியாது. 1968 வரைக்கும் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், ஷெவெலின் வேகமான ரகம்) வண்டி என்றால் நம்பரிலேயே 138 என்று இருக்கும். 1969-லிருந்து எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது. ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டர் வி8-ஆ என்பதற்கு மேல் அந்தப் பதின்மூன்று இலக்கம் வாயைத் திறக்காது. அதனால்தான் சாதாரண மாலிபு ரக ஷெவெலுக்கு எஸ்எஸ் பட்டை ஒட்டி விற்கிற தொழில் இத்தனை வருஷமாகச் செழிப்பாக ஓடுகிறது.

நான் விற்கப்போவதில்லை. இந்த வண்டி பால்டிமோர் ஆலையை விட்டு வரும்போது உள்ளே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தேடும்போது கண்ணில் பட்டது இந்த நிறுவனம். பெயர் போட வக்கீல் நண்பர் வேண்டாம் என்கிறார். கிளாசிக் கார்களுக்கு 'பூர்வீக ஆய்வு, நேரடிப் பரிசோதனை, சான்றிதழ்' மூன்றும் சேர்த்துச் செய்து தருவதாகச் சொல்லும் ஓர் இணையதளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்தேன். எடுத்தவர் வயதானவர், நிதானமான குரல். வின் நம்பரைப் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க அவர் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஒன்று, செவர்லே. முப்பத்தாறு, மாலிபு வி8. முப்பத்தேழு, இரண்டு கதவு ஹார்டுடாப். பூஜ்யம், 1970. பி, பால்டிமோர்." ஒன்றுகூடத் தப்பு இல்லை. அடுத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "செவர்லே அந்தக் காலத்து ரெக்கார்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் குப்பைக்குப் போவதற்கு முன்னால் பால்டிமோர் மைக்ரோஃபிலிமில் (ரெக்கார்டுகளைச் சின்னதாகப் படம் எடுத்துவைத்த சுருள்) ஒரு பங்கை ஆலையில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் குடும்பத்திடமிருந்து நாங்கள் வாங்கினோம்."

எப்படிக் கதை பாருங்கள்! பாதி உண்மையைத் தானே முன்வந்து சொல்லிவிட்டு, மீதிப் பொய்யை அதன் முதுகில் ஏற்றி அனுப்புகிறான். "உங்கள் நம்பர் எங்கள் ஃபிலிமில் இல்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தருவோம்" என்றும் சொன்னான். 1,900 டாலர் கட்டணம். கார்டு வேண்டாம், வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பினால் 50 குறைப்பதாகச் சொன்னான். அந்த 50 டாலர் தள்ளுபடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது பிறகு வங்கியில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

சொன்ன நாளில் பரிசோதனைக்கு ஆள் வந்தான். தலையில் தொப்பி, கையில் டார்ச், சின்னக் கண்ணாடி, பிரேக் கிளீனர் டப்பா. பார்த்தால் தொழில் தெரிந்த ஆள்போலத்தான் இருந்தான். இந்த எஞ்சினில் நம்பர் அடித்திருக்கும் இடம் வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் (எஞ்சினின் இரும்பு உடல்) மேல் ஒரு சின்னத் திண்டுபோல இருக்கும். ஆல்டர்னேட்டர் அதை மறைத்துக்கொண்டிருக்கும். அவன் துணியை நனைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தான், போனை உள்ளே விட்டு இரண்டு படம் எடுத்தான், "பிரமாதமாக இருக்கிறது சார்" என்றான். போய்விட்டான். தேய்த்த துணியில் ஆரஞ்சுப் பெயின்ட் கொஞ்சம் வந்திருந்தது. அடியில் இன்னும் மசியும் துருவும் அப்படியே இருந்தன. இதில் என்ன பிரமாதம் என்று அப்போதே மனசில் ஓடியது.

அடுத்து ஃபைல் வந்தது. கெட்டித் தாள், தங்க முத்திரை, முதல் பக்கத்தில் என் பெயர். 'ஃபேக்டரி பில்ட் ரெக்கார்டு' என்று பழுப்பேறின தாள்போல அச்சடித்த பக்கம். அசல் எல்எஸ்6, நான்கு கியர், சான்றளிக்கப்பட்டது. சந்தோஷம் தாங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வீட்டம்மா மட்டும், "ஏங்க, ஒன்றரை லட்சத்துக்கு ஃபைல் வாங்கினீங்களே, அதுல அந்த ஆள் எடுத்த போட்டோ ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு எங்க?" என்று கேட்டாள். ஆடிட் வேலை பார்க்கிறவள்.

ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் குரூஸ் நடக்கும், தெரியும்தானே. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரைக்கும் சாலை ஓரம் முழுக்க மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய வண்டிகளைப் பார்ப்பார்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே ஷெவெல்காரர்கள் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு தாத்தா ஃபைலை வாங்கி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"ஃப்ளின்டா?" என்றார்.

எஞ்சினில் அடித்த குறியீடு 'வி' என்ற எழுத்தில் தொடங்குவதாக அந்த ரெக்கார்டில் இருந்தது. சின்ன வி8-களுக்குத்தான் அது, ஃப்ளின்ட் ஆலையில் கட்டினவை. 454 போன்ற பெரிய வி8 எஞ்சின்கள் எல்லாம் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவில் கட்டினவை, அதனால் 'டி'-யில்தான் தொடங்கும். கடைசி மூன்றெழுத்து மட்டும் 'சிஆர்வி' என்று சரியாகப் போட்டிருந்தார்கள், நான்கு கியர் எல்எஸ்6-க்கு அதுதான் குறியீடு. எந்தப் புத்தகத்திலும் இருப்பதுதானே. தாத்தா அதோடு விடவில்லை. ஆப்ஷன் வரிசையில் இசட்25 என்று போட்டிருந்த இடத்தை நகத்தால் தட்டினார். இசட்25 என்பது எஸ்எஸ் 396. 454-க்கு இசட்15. (அந்த 396-மே 1970-ல் உண்மையில் 402 கன அங்குலம், பேரை மட்டும் பழையபடி விட்டுவைத்தார்கள். அது வேறு கூத்து.) ஒரே வண்டிக்கு இசட்25-உம் எல்எஸ்6-உம் சேர்த்துப் போட்ட ஃபேக்டரி ரெக்கார்டு!

கடைசியாகத்தான் அந்த போட்டோவைப் பார்த்தார். எஞ்சின் திண்டில் வண்டியின் வின் நம்பரில் ஒரு பகுதியும் அடித்திருப்பார்கள். செவர்லேக்கு 1, வருஷத்துக்கு 0, பிறகு ஆலை எழுத்து. என் வண்டி பால்டிமோர், அதனால் '10பி' என்று தொடங்க வேண்டும். போட்டோவில் பளிச்சென்று '10கே'. கே என்றால் கான்சாஸ் சிட்டி. அந்தத் திண்டு கண்ணாடிமாதிரி சுத்தமாக இருந்தது. என் வண்டித் திண்டில் மசி. யாருடைய எஞ்சினையோ படம் எடுத்து எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்!

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிச்சல். போன் செய்தால் அந்த நிதானக் குரல் இல்லை, ஒரு பெண் எடுத்து "சீனியர் ஆய்வாளர் பயணத்தில் இருக்கிறார்" என்றார். மெயில் போட்டால் "உங்கள் கவலையை மதிக்கிறோம்". ஃப்ளின்ட் விஷயத்தைக் கேட்டால் "தட்டச்சுப் பிழை, திருத்திய பிரதி அனுப்புகிறோம்". யோசித்துப் பாருங்கள், 1970 மைக்ரோஃபிலிமில் இருந்து எடுத்த ரெக்கார்டில் தட்டச்சுப் பிழையாம்! திருத்திய பிரதியும் வந்தது. 'வி' இருந்த இடத்தில் 'டி'. இசட்25 இருந்த இடத்தில் இசட்15. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே போட்டு அதே முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். போட்டோவைப் பற்றிக் கேட்டதற்கு "அது மாதிரிப் படம்" என்றார்கள். மைக்ரோஃபிலிமைக் காட்டுங்கள் என்றால் "வணிக ரகசியம்". பணத்தைத் திருப்பிக் கேட்டால், நம்பர் கிடைக்கவில்லை என்றால்தான் திருப்புவோம், கிடைத்துவிட்டதே என்கிறார்கள். விதிமுறையில் பொடி எழுத்தில் 'இந்த அறிக்கை கருத்து மட்டுமே' என்று ஒரு வரி இருக்கிறதாம். அப்படியானால் 1,850 டாலர் ஒருத்தன் கருத்துக்கா கொடுத்தேன்? உச்சமாக, அடுத்த வண்டிக்கு இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். அடுத்த வண்டி!

வங்கியில் போய் நின்றேன். கார்டு என்றால் தகராறு போட்டிருக்கலாம், நீங்களே உங்கள் கணக்கிலிருந்து அனுப்பின பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். 50 டாலர் தள்ளுபடி, 1,850 டாலர் நஷ்டம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் போடுகிறேன். அமெரிக்காவில் விற்ற 1970 செவர்லேக்குத் தனி வண்டி ரெக்கார்டு யாரிடமும் கிடையாது. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம்.-இன் (ஜெனரல் மோட்டார்ஸ்) ஹெரிடேஜ் பிரிவு தருவது மாடலைப் பற்றிய பொதுத் தகவல்தான். கனடாவில் விற்ற ஜி.எம். வண்டி என்றால் ஜி.எம். கனடாவிடமே ஆவணம் கேட்கலாம், டொராண்டோக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பான்டியாக் கார் என்றால் பி.எச்.எஸ். என்ற ஆவணச் சேவை, 1967 முதல் வந்த ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் என்ற ஆவணம். 1970 டாட்ஜ், பிளிமத் என்றால் வின்னின் ஐந்தாம் எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். செவர்லேக்கு முக்கிய வழி அசல் பில்ட் ஷீட், அதாவது வண்டியைக் கட்டும்போது ஆலையில் வைத்திருந்த பாகப் பட்டியல் தாள். பெட்ரோல் டாங்க் மேலேயும் சீட் ஸ்பிரிங்கிலும் தேடுங்கள். நான் பின்சீட்டைக் கழற்றினேன், எலி கடித்த காகிதத் துணுக்குதான் கிடைத்தது, ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. டாங்க்கை இன்னும் இறக்கவில்லை. எஞ்சின் நம்பரை நீங்களே கரைப்பான் போட்டுத் துடைத்து நீங்களே படம் எடுங்கள், மணல் தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஆலையில் செதுக்கியபோது விழுந்த மெல்லிய கோடுகள் போய்விடும். பணம் கார்டில் மட்டும்.

இப்படி ஒரு ஃபைல் உங்களில் யாருக்காவது வந்திருந்தால் எஞ்சின் போட்டோ பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். அதே '10கே' திண்டு உங்கள் ஃபைலிலும் இருந்தால் என் புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.