“எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சை நம்பிக் கொடுத்த 22,000 ரூபாய்: கல்யாணம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கை நடுங்கும் கோபத்தோடு எழுதுகிறேன். இன்று மதியம்தான் அந்த ஸ்டூடியோக்காரர், “கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்தாயிற்று சார்” என்று சொல்லிப் போனை வைத்தார். என் தங்கையின் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். ஆல்பம், வீடியோ கணக்கு தனி. நான் சொல்வது அதற்கு மேல் வாங்கிய 22,000 ரூபாயைப் பற்றி. பணம் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

முன்பணம் கொடுக்கப் போன அன்று, வேறு யாருடைய கல்யாணப் படத்தையோ லைட்ரூம் என்ற படத் திருத்த சாஃப்ட்வேரில் திறந்து, திரையை அப்பா பக்கம் திருப்பினார். வெளிச்சத்தை ஏற்றினார், இறக்கினார், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார். பிறகு ‘ரீசெட்’டை அழுத்தினார். படம் பழையபடி வந்து நின்றது. “பார்த்தீர்களா ஐயா, ஒரிஜினல் மேல் நாங்கள் கையே வைப்பதில்லை. பத்து வருஷம் கழித்து நிறம் பிடிக்கவில்லை என்றாலும் மாற்றிக்கொள்ளலாம். எடிட்டிங் கோப்புகளையும் சேர்த்தே தருகிறோம், அதற்குத்தான் இந்த 22,000” என்றார். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் கிடையாது. கண்ணெதிரே செய்து காட்டியதைப் பார்த்தார். “தம்பி விவரமானவர்” என்று சொல்லி, அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.

ஆல்பம் வந்தது. அரக்கு நிற முகூர்த்தப் புடவை தக்காளிச் சிவப்பாக இருந்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பும் தெரியவில்லை, ஜரிகையும் தெரியவில்லை. வெறும் வெள்ளைத் திட்டு. முகத்தை வழவழப்பாக்குகிறோம் என்று தங்கையின் கன்னத்து மச்சத்தையே துடைத்து எடுத்திருந்தார்கள். அம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது யார் வீட்டுப் பெண்?” என்று கேட்டார்.

சரி, மாற்றத்தான் காசு கொடுத்திருக்கிறோமே என்று பென்டிரைவை நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டோம். உள்ளே ஜேபெக் படங்கள் (திருத்தி முடித்துச் சுருக்கிச் சேமித்தவை), ஒரு லைட்ரூம் கேட்டலாக் (படங்கள் எங்கே இருக்கின்றன, என்ன திருத்தம் செய்தார்கள் என்ற பட்டியல்), படத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன எக்ஸ்எம்பி கோப்புகள். கேட்டலாகைத் திறந்தால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஆச்சரியக்குறி: மூலக் கோப்பைக் காணவில்லை. ஒரு எக்ஸ்எம்பியை நோட்பேடில் திறந்தோம். டெம்பரேச்சர் 5600, ஹைலைட்ஸ் மைனஸ் 100 என்று வரி வரியாக எண்கள். அவ்வளவுதான். அதில் படமே கிடையாது. படத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்புதான் அது. கேமராவில் பதிவான மூலக் கோப்பு, அதாவது ரா ஃபைல், இல்லாவிட்டால் எதற்கும் உதவாது. 22,000 ரூபாய்க்குச் சாமான் இல்லாமல் மளிகைச் சீட்டை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டபோது முதலில் “உங்கள் சாஃப்ட்வேர் பழசு” என்றார். பிறகு எடிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றதும், ஆல்பம் கொடுத்த கையோடு ரா ஃபைல்களை அழித்துவிட்டு ஹார்ட் டிஸ்கை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வோம் என்று கூசாமல் சொன்னார். “ஜேபெக்கில் மாற்றிக்கொள்ளுங்களேன் சார், அதுவும் படம்தானே?” என்றார்.

அதுவும் படம்தானா? 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் இருக்கும். ஜேபெக்கில் 256 மட்டுமே. ராவில் வொயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் ஒட்டுமொத்த நிறச் சாயலை, பின்னால் தாராளமாக மாற்றலாம். ஜேபெக்கில் அது ஏற்கெனவே உறைந்துவிட்டது. நண்பர் புடவையை அரக்குக்கு இழுத்தால் தங்கையின் முகம் நீலம் பாய்கிறது. வேட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சப் படியான 255-ஐத் தொட்டு நிற்கின்றன. ஹைலைட்ஸை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, குறைத்தால் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகிறது, ஜரிகை வரவில்லை. படம் எடுக்கும்போதே கேமராவின் சென்சார் வெளிச்சத்தால் நிரம்பி வழிந்திருந்தால், ரா கிடைத்தாலும் அந்த ஜரிகை வராது. இதை அந்தத் தொழிலில் இருப்பவர் அறியாதவரா? மச்சம் கதை இன்னும் மோசம். ஃபோட்டோஷாப்பில் துடைத்து, தனித்தனி அடுக்குகளான லேயர்களை ஒன்றாக்கி, ஜேபெக்காகச் சேமித்து மூடியிருக்கிறார்கள். கோப்பை மூடியதும், செய்த மாற்றங்களைப் பின்னோக்கி எடுக்க உதவும் ஹிஸ்டரி போய்விடும். அப்பாவுக்குக் காட்டிய ரீசெட் இங்கே எதைத் திரும்பக் கொண்டுவரும்? சாஃப்ட்வேரில் குற்றமில்லை. மூலக் கோப்பு கையில் இருக்கும்வரைதான் அந்த வசதி என்பதை மறைத்து 22,000 ரூபாய் வாங்கியதுதான் குற்றம்.

விவரமாக எழுத இப்போது மனநிலை இல்லை. ரா ஃபைல்கள் உங்கள் ஹார்ட் டிஸ்கில் வந்து சேரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ரா தருவதாக ரசீதில் எழுதி வாங்குங்கள். கடையை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டு படங்களையாவது திறந்து பாருங்கள். மச்சம், தழும்பு எதையும் தொடக்கூடாது என்று முன்பே சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நான் நாளைக் காலை அழைக்கிறேன், 22,000 ரூபாய் ரசீது என்னிடம் இருக்கிறது.