பழைய கல்லறைத் தோட்டத்தில் புதர் நீக்கம்: ஒரே மூச்சிலா, தவணையிலா, ஆடு விட்டா?

புதரையும் மரத்தையும் ஒரே வேலையாக நினைத்து இறங்கும்போதே பாதிச் சேதம் தொடங்கிவிடுகிறது. புதர் கல்லை மறைத்துக்கொண்டு நிற்கிறது. மரம் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் எடுப்பதன் விளைவு ஒன்றல்ல.

ஒரே மூச்சில் வழித்தெடுப்பது

ஜேசிபி வந்தால் இரண்டொரு நாளில் வேலை முடியும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் வேரோடு பிடுங்கினால் வேர் பின்னிய கல்லும் கூடவே பெயர்ந்து வரும், சில சமயம் எலும்பும் வரும். மண்ணில் புதைந்து கிடக்கும் கற்கள் சக்கரத்தடியில் உடையும். பெயர்க்கல் இல்லாத குழிகளுக்கு அடையாளமே தரையில் தெரியும் நீள்பள்ளமும், என்றோ நட்ட பூச்செடியும்தான். நிலத்தைச் சமப்படுத்தினால் அதுவும் போச்சு.

மீதிச் சேதம் பிறகு வரும். நிழல் போனதும் மண்ணுக்குள் காத்திருந்த விதைகளெல்லாம் முளைக்கும். வெட்டிய இடத்தில் முன்பைவிட அடர்த்தியாகக் களை மண்டும். களிமண் நிலமானால், மரம் உறிஞ்சிய நீர் இப்போது மண்ணிலேயே தங்கி மண் வீங்கும், நேராக நின்ற கற்கள் சாயும். விட்டுவைத்த வேர்களும் சில ஆண்டுகளில் மட்கி, அந்தந்த இடத்தில் தரை உள்வாங்கும். வெற்றுத் தரையில் விழும் மழை சேற்றைக் கல்லில் தெறிக்கும்.

தவணையில் வெட்டுவது

எங்கள் வாக்கு இதற்குத்தான். முதலில் படம் எடுத்து, வரைபடம் போட்டு, தெரிகிற கற்களுக்கெல்லாம் அடையாளக் கொடிக்கம்பு நடவேண்டும். புதரை முதல் சுற்றில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் கையால் வெட்டவும். ஒளிந்திருக்கும் கற்கள் அப்போது கண்ணில் படும். அடுத்த சுற்றில் தரையளவுக்கு வரலாம். கல்லைச் சுற்றி ஒரு அடிக்குள் கைக்கத்தரி மட்டுமே. நைலான் நூல் சுழலும் புல்வெட்டி, பளிங்கிலும் மணற்கல்லிலும் அடிப்பகுதியை ஒவ்வொரு வெட்டிலும் தேய்த்துக்கொண்டே போகும்.

கல்லில் ஏறிய கொடியைப் பச்சையாக இழுக்கக்கூடாது. பற்றுவேரோடு கல்லின் மேற்பரப்பும் உரிந்து வரும். அடித்தண்டில் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு எடுத்துவிட்டு, மேலே உள்ளது முழுக்கக் காய்ந்தபின் மெல்லக் கழற்றவும். ஒட்டி நிற்கும் வேர்ச்சுவடு அசிங்கமாகத்தான் தெரியும், கம்பிப் பிரஷ் மட்டும் வேண்டாம்.

ஆபத்தான மரத்தைக் கிளை கிளையாகக் கயிறு கட்டி இறக்கவேண்டும். தரையோடு படுத்த கற்களுக்கு மேல் தடித்த பிளைவுட் போடவும். அடிக்கட்டையைத் தரையளவில் அறுத்து அப்படியே விடவும். துளிர்க்கும் வகையென்றால், அறுத்த சில நிமிடங்களுக்குள் பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில் மட்டும் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவவேண்டும். தெளித்தால் கல்லில் படும், அதிலுள்ள உப்பு கல்லுக்குள் இறங்கி, கல் பொரிந்து உதிரும். பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் வெட்டுவதே வேண்டாம்.

ஆடு

வாஷிங்டனின் காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் 2013-ல் ஆடுகளை மேயவிட்டுக் கொடிகளைக் கட்டுப்படுத்தினார்கள். சரிவிலும் முள்ளிலும் ஆளைவிட ஆடு மேல். ஆனால் சாய்ந்த கல்லில் உரசும், இளமரத்தின் பட்டையை உரிக்கும். வேரைத் தின்னாது என்பதால் திரும்பத் திரும்ப மேய்த்தாகவேண்டும். நிற்கத் தடுமாறும் கற்களைச் சுற்றி வேலி போடாமல் விடக்கூடாது.

தொடாமல் விடுவது

சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. பல பத்தாண்டுகளில் கல்லில் வளர்ந்த லைக்கன்களும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படலம்), நிழலில் குடியேறிய உயிர்களும் அப்படியே இருக்கும். ஆனால் தண்டு பருக்கப் பருக்கக் கல் தள்ளப்படும். புயலில் மரம் சாய்ந்தால் வேர்த்தட்டு ஒரு குழியையே கிளப்பிக்கொண்டு வரும். அதனால் ஆண்டுக்கொரு முறை மரங்களைப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் இந்த வழி.

எந்த வழியானாலும், மரம் பாதி விழுங்கிய கல்லை மீட்கப் போகவேண்டாம். மரத்தை அறுத்தால் பிளவில் கல்தான் உடையும். எழுத்தைப் படித்துப் பதிவு செய்துகொண்டு, அதை மரத்தின் பிடியிலேயே விட்டுவிடலாம்.