மிதவைத் தொட்டியா, தோட்டத்துக் கிணறா?

இருட்டுத் தொட்டிக்குள் உப்புத் தண்ணீரில் மல்லாந்து கிடக்கக் காசு கொடுப்பதா, நம்ம தோட்டத்துக் கிணறு எதற்கு இருக்கிறது? வெளியூரில் ஒரு மிதவைத் தொட்டி மையத்தில் மிதந்துவிட்டு வந்ததும் ஊரில் பலரும் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி.

கிணற்றையே முதலில் எடுப்போம். இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டி நீச்சல் பழகியவர்களுக்கு மல்லாந்து மிதக்கத் தெரியும். ஆனால் அது சும்மா நடப்பதில்லை. நல்ல தண்ணீரின் அடர்த்தியும் நம் உடம்பின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். நெஞ்சு நிறைய மூச்சு இருக்கும்வரை மிதப்போம். விட்டதும் கால் இறங்கும். கையை லேசாகத் துழாவிக்கொண்டே இருக்கணும். கொஞ்ச நேரத்தில் குளிரும் ஏறிவிடும், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். இது போதாதென்று, மேட்டிலிருந்து எந்தப் பையன் எப்போது மேலே குதிப்பானோ என்று ஒரு காது அங்கேயே இருக்கும்.

தொட்டியில் ஆழம் 25-30 செ.மீ.தான். அதில் சுமார் 400 கிலோ எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட், கரைந்திருக்கிறது. அடர்த்தி சாக்கடல் தண்ணீருக்குக் குறையாது, படுத்தால் உடம்பு தானாக மேலே வந்துவிடும். ஆனால் என்னைக் கேட்டால் இதில் சூட்சுமம் உப்பு இல்லை, சூடு. தண்ணீரைத் தோலின் சூட்டிலேயே, 34-35 டிகிரியில் வைக்கிறார்கள். குளிரவும் இல்லை, சுடவும் இல்லை என்றால் தோலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. கிணற்றால் எந்தக் காலத்திலும் தர முடியாதது இதுதான்.

உடனே சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை கழுத்து நம்பாது. தலையைத் தண்ணீர் தாங்கும் என்று தெரிந்தும் விறைத்தே இருக்கும். அது இளகுவதற்குள் பாதி நேரம் போய்விடும். அன்று காலை சவரம் செய்திருந்தால் தாடை எரியும். கண்ணில் ஒரு சொட்டு பட்டால் கதை முடிந்தது. துண்டையும் நல்ல தண்ணீரையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மூடிய இடம் ஆகாதவர்கள் கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் ஜான் லில்லி 1954-ல் இதைத் தொடங்கியபோது உப்பெல்லாம் கிடையாது. முகமூடி மாட்டி, ஆளைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால் மூளை தூங்கிவிடுமா என்பதுதான் கேள்வி. அது தூங்கவில்லை. எனக்கும் அப்படித்தான், பருத்திக் கணக்கெல்லாம் வரிசையாக வந்தது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றமும் மனச்சோர்வும் உள்ள 50 பேருக்கு ஒரு மணி நேர மிதப்பிலேயே பதற்றம் நன்றாகக் குறைந்தது. நல்ல சேதிதான், ஆனால் ஒரே ஒரு அமர்வை வைத்து அதற்கு மேல் நீட்ட முடியாது. மக்னீசியம் தோல் வழியாக ஏறி உடம்புவலி போகும் என்பதற்கோ உறுதியான சான்றே இல்லை.

வெறும் உடம்புவலிக்கு என்றால் சனிக்கிழமை நல்லெண்ணெயும் அரப்பும் போதும், செலவும் கம்மி. ஒரே குறை, எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கினால் அம்மிச்சி விடாது. தொட்டியில் தாராளமாகத் தூங்கலாம். தொட்டிக்குப் போக வேண்டியவர்கள் வேறு ஆட்கள்: சோமனூர், பல்லடம் பக்கம் இரவும் பகலும் தறிச் சத்தத்தில் கிடப்பவர்கள், படுத்தாலும் தலைக்குள் ஓட்டம் நிற்காதவர்கள்.

இதற்கு நடுவில் மாமன் மகன் ஒரு யோசனை சொன்னான். "மாப்ளே, உரக்கடையில மக்னீசியம் சல்பேட் மூட்டை மூட்டையா கெடக்குது. நம்ம சிமெண்டுத் தொட்டியிலயே கரைச்சுக்கலாமே?"

பொருள் அதேதான், பருத்தி இலை சிவந்தால் அடிக்கிறோமே அது. ஆனால் உர மூட்டை, தோலுக்கும் கண்ணுக்கும் என்று சுத்தம் செய்தது இல்லை. அந்தக் கரைசல் சிமெண்டையே அரிக்கும். ராத்திரி குளிர்ந்தால் உப்பு அடியில் கட்டிதட்டும். 35 டிகிரியிலேயே வைக்க ஹீட்டர் வேண்டும். ஆள் படுத்திருக்கிற உப்புத் தண்ணீரில் கரண்டு! வடிகட்டியும் கிருமி நீக்கமும் தனிச் செலவு. எல்லாம் முடிந்தபின் அந்தத் தண்ணீரை எங்கே விடுவது? வாய்க்காலில் திறந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா இருப்பாரா?