ஏர் கூலரா, மாடிக்கு வெள்ளைப் பூச்சா?

ஏசி இல்லாத வீட்டில், கையில் இருக்கும் காசை எதில் போடுவது? முதலில் ஊரைப் பாருங்கள். ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. வேலூர், திருச்சி போன்ற ஊர்களின் வறண்ட மே மாத வெயிலில் நன்றாக வேலை செய்யும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். தண்ணீர் சரியாக ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும். அங்கே கூலரில் பணத்தைப் போடாதீர்கள்.

வெள்ளைப் பூச்சுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிவைக்கும் கான்கிரீட் தளம், ராத்திரியில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி போட்டாலும் அனல்தான். மாடியில் சுண்ணாம்போ, வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயிண்டோ அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கரண்ட் செலவும் கிடையாது. சுண்ணாம்பு மலிவு, ஆனால் மழையில் கரையும். வருடா வருடம் மார்ச்சுக்குள் அடித்துவிடுங்கள். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவ வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நடுத்தளத்தில் இருப்பவர்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை. மேல்தளம் என்றால், எந்த ஊரானாலும் என் ஓட்டு முதலில் பூச்சுக்குத்தான். வறண்ட ஊராக இருந்தால் அப்புறம் கூலரும் வாங்கலாம்.