ஹயர்வியூ: எதிரே ஆள் இல்லாத நேர்காணல்

பன்னாட்டு நிறுவனங்களில் ஃப்ரெஷர் வேலைக்கு விண்ணப்பித்தால் பல இடங்களில் ஆன்லைன் டெஸ்ட்டுக்கும் டெக்னிக்கல் ரவுண்டுக்கும் நடுவே ஒரு லிங்க் வருகிறது. திறந்தால் திரையில் கேள்வி தெரியும். கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். இப்படி ஒருவழி வீடியோ நேர்காணல் நடத்தித் தருவதில் பரவலாகப் பயன்படுவது ஹயர்வியூ. 2004இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம்.

பதிவுக் கருவியாகப் பார்த்தால் நல்ல மென்பொருள்தான். கேமராவையும் மைக்கையும் முதலில் சோதித்துக்கொள்ளலாம், பயிற்சிக் கேள்விகளும் உண்டு. பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் யோசிக்க 30 விநாடி, பேச 2 அல்லது 3 நிமிடம் என்பது வழக்கமான அளவு. எத்தனை கேள்வி, மறுபடி பதிவு செய்யலாமா என்பதையெல்லாம் ஆள் எடுக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. கோளாறு தொடங்குவது இங்கேதான். 300 பேருக்கு 3 கேள்வி, தலா 2 நிமிடம் என்றால், பார்த்து முடிக்க 30 மணி நேரம். 8 கேள்வி, தலா 3 நிமிடம் என்றால் 120 மணி நேரம். அந்த நேரத்தை ஒதுக்க ஆள் இல்லாத நிறுவனம், பாதியில் நிறுத்திவிட்டு அடுத்தவருக்குத் தாவும். அல்லது இயந்திரம் போடும் மதிப்பெண்ணை நம்பும். பேசியவரின் உழைப்பு யார் கண்ணிலும் படாமலே போகலாம். இது அநியாயம்.

முகபாவத்தை அலசி மதிப்பெண் போடும் வசதியும் முன்பு இதில் இருந்தது. எபிக் என்ற தனியுரிமை அமைப்பு 2019 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. முக அலசலைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் ஹயர்வியூ அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் மதிப்பீட்டின் கனம் இப்போது பேச்சின் மீது, அதாவது பேச்சை எழுத்தாக்கிய பிரதியின் மீது, விழுகிறது. நம் உச்சரிப்பில் வேகமாகச் சொல்லும் டெக்னிக்கல் சொற்களை அது தவறாக எழுதக்கூடும். அவற்றை மட்டும் நிறுத்தி நிதானமாக, தெளிவாகச் சொல்லுங்கள். புளூடூத் ஹெட்செட்டில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலித்தரம் பெரும்பாலும் இறங்கிவிடும். வயர் வைத்ததே மேல்.

கேமரா வரவில்லையா? ஜூமோ டீம்ஸோ பின்னணியில் அதைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து பிரவுசரில் அனுமதியை. அலுவலக லேப்டாப் வேண்டாம், நிறுவனப் பாதுகாப்பு அமைப்பே தடுத்துவிடலாம். ஹாஸ்டல் வைஃபையில் வீடியோ நன்றாக ஓடுவதை வைத்து ஏமாற வேண்டாம், இங்கே தேவை அப்லோட் வேகம். கடைசி நேரம் எந்த ஊர்க் கணக்கு என்பதும் முக்கியம். சிங்கப்பூரின் இரவு 11:59, சென்னையில் இரவு 9:29தான்.

எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு. “ஒரு சவாலான சூழலைச் சொல்லுங்கள்” என்று நேரில் கேட்பவர், “அதில் உங்கள் பங்கு என்ன?” என்று அடுத்துக் கேட்பார். தடுமாறுகிறவர் அந்த ஒரு கேள்வியில் நிமிர்ந்துவிடுவார். இங்கே அந்தக் கை நீளாது. ஆகவே 2 நிமிடத்தில் சூழலுக்கு 20 விநாடி, நீங்கள் செய்ததற்கு 70, விளைவுக்கு 30 என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். குழு செய்ததை விட்டு, “நான் செய்தது” என்று தொடங்குங்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வீடியோவைச் செயற்கை நுண்ணறிவு அலசுமானால் முன்கூட்டியே சொல்லி, விளக்கி, சம்மதம் வாங்க வேண்டும். விண்ணப்பித்தவர் கேட்டால் 30 நாளில் அழிக்க வேண்டும். இங்கிருந்து இந்திய வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு அது பொருந்தாது. ஆனாலும் பதிவு செய்யும் முன் எச்.ஆருக்கு நாலு வரி மெயில் போடத் தடையில்லை: இதை மனிதர் பார்ப்பாரா? இயந்திர மதிப்பெண் உண்டா? இதற்குப் பிறகு எத்தனை ரவுண்டு, முடிவு எந்தத் தேதியில் வரும்? திக்குவாயோ செவித்திறன் குறைபாடோ இருந்தால், நேரடி அழைப்பு தர முடியுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.